பாய் கடையில் வாங்கியது

அந்த வீடியோவில் என் முகம் தெரியாது. என் இடது கை, சோற்றுப் பானை, தொட்டில் படம் போட்ட அரிசி மூட்டை, என் குரல், இவ்வளவுதான். மொத்தமே நாற்பத்தோரு விநாடி. அந்த நாற்பத்தோரு விநாடியால் ஒரு மனிதர் கோர்ட்டுப் படி ஏறினார். அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்தவரில்லை. உத்திரமேரூர் பஜாரில் மளிகைக் கடை வைத்திருப்பவர். எனக்குக் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் அரிசி வாங்குகிற கடை அது. ஊரே அவரைப் பாய் என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான்.

நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். பஜாரிலிருந்து நாலு கிலோமீட்டர் உள்ளே இருக்கிற கிராமத்தில், வீட்டில் மெஷின் போட்டு ரவிக்கை தைத்துக் கொடுக்கிறேன். வீட்டுக்காரர் நெல் அறுக்கிற வண்டி ஓட்டுகிறார். ஒரு பெண், பத்தாவது படிக்கிறாள். பயம் எனக்குக் கூடவே பிறந்தது. பஸ் ஸ்டாப் வரைக்கும் போய்விட்டு, கேஸை மூடினோமா என்று திரும்பி வந்து பார்ப்பேன். மூடித்தான் இருக்கும். மறுபடி ஸ்டாப்புக்கு நடக்கும்போது, பார்க்கிற அவசரத்தில் கை பட்டுத் திறந்துகொண்டதோ என்று அடுத்த பயம் வரும்.

போன் வந்த பிறகு இந்தப் பயத்துக்குத் தீனி அதிகமாகிவிட்டது. எந்த பிஸ்கட்டில் என்ன இருக்கிறது, எந்தப் பழத்தில் ஊசி போடுகிறார்கள் என்று தினம் ஏதாவது வரும். வருவதையெல்லாம் எங்கள் மகளிர் குழுவின் வாட்ஸ்அப்புக்கு உடனே அனுப்பிவிடுவேன். உண்மையா பொய்யா என்று தேடிப் பார்க்கிற படிப்பு எனக்கில்லை. பொய்யாக இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை, உண்மையாக இருந்து நாம் சொல்லாமல் விட்டால்தான் பாவம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். குழுவில் எனக்கு டேஞ்சர் அக்கா என்று பெயர். “டேஞ்சர் அக்கா, இன்னிக்கு தண்ணி குடிக்கலாமா?” என்று கேட்டுச் சிரிப்பார்கள். சிரித்தாலும் நான் அனுப்பியதைப் படிப்பார்கள். அது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மாகறலில் இருக்கிற என் அம்மாவுக்குக் காய்ச்சல் என்று ஐந்து நாள் போயிருந்தேன். திரும்பி வந்த அன்று மத்தியானம், மூட்டையிலிருந்து அரிசி எடுத்துக் களைந்தேன். அடியில் தங்க வேண்டிய அரிசியில் பத்துப் பன்னிரண்டு மட்டும் மேலே வந்து மிதந்தது. சுண்ணாம்பு மாதிரி வெளுப்பு. ஒன்றை எடுத்துக் கடித்தேன். அரிசி மாதிரி நொறுங்கவில்லை, மெத்தென்று பல்லில் ஒட்டியது. பிளாஸ்டிக் அரிசி என்று முன்பே ஒரு வீடியோ பார்த்திருந்தேன். அதில் சோற்றை உருண்டை பிடித்துத் தரையில் போடுவார்கள், பந்து மாதிரி எழும்பும். நானும் சோறு வடித்தேன். உருண்டை பிடித்தேன். சிமெண்டுத் தரையில் போட்டேன். முழங்கால் உயரத்துக்கு எழும்பியது. இறுக்கிப் பிடித்துப் போட்டால் எந்தச் சோறும் கொஞ்சம் எழும்பத்தான் செய்யும் என்று பின்னால் ஒரு வக்கீல் சொன்னார். அன்றைக்கு அதைச் சொல்ல யாரும் அருகில் இல்லை.

வலது கையில் போனைப் பிடித்துக்கொண்டு மறுபடி உருண்டையைப் போட்டேன். மூட்டையைக் காட்டினேன். “எல்லாரும் நல்லா பாருங்க. தொட்டில் மார்க் அரிசி. உத்திரமேரூர் பஜார்ல, பாய் கடைல வாங்கினது. பிளாஸ்டிக் கலந்து விக்கறாங்க. புள்ளைங்களுக்குப் போடாதீங்க. தெரிஞ்சவங்க எல்லாருக்கும் அனுப்புங்க.” பாய் கடை என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. எங்கே வாங்கினாய் என்று கேட்பார்களே, முன்கூட்டியே சொல்லிவிடுவோம் என்றுதான் சொன்னேன்.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்தார். சோறு அப்படியே இருப்பதைப் பார்த்தார்.

“இன்னாடி, வடிச்ச சோத்த அப்பிடியே வெச்சிக்கினு கீற?”

“சாப்பிடாதீங்க. பிளாஸ்டிக் அரிசி. வீடியோ எடுத்துக் குரூப்ல போட்டுட்டேன்.”

அவர் மூட்டையைத் திறந்து கையை விட்டுப் பார்த்தார். “அய்ய, இது ரேஷன் அரிசிடி. நீ மாகறல்ல இருக்கசொல்ல நான்தான் வாங்கியாந்தேன். பைய எலி கடிச்சிட்ச்சி. இந்த மூட்டைல அடில கொஞ்சந்தான் இருந்துச்சி, அதுலயே கொட்டி வெச்சேன்.”

“அப்போ மெதக்குதே?”

“அது இன்னாவோ சத்து அரிசியாம், மாவுல இரும்புச் சத்து சேத்து அரிசி மாதிரியே செஞ்சதாம். இந்த மாசத்துலேர்ந்து கலக்கறாங்களாம். பொறுக்கிப் போட்றாதீங்கன்னு ரேஷன் கடைல அந்தப் பொண்ணு தலைதலையா அடிச்சிக்கிச்சி. உங்கிட்ட சொல்ல மறந்துட்டேன்.”

எங்கள் பக்கத்தில் அரிசி மூட்டை காலியானால் அதைத் தூக்கிப் போடுகிற வழக்கம் கிடையாது. நெல் கொட்டி வைப்போம், வேர்க்கடலை கொட்டுவோம், தவிடு கொட்டுவோம். எந்த வீட்டிலும் மூட்டை மேலே இருக்கிற படத்துக்கும் உள்ளே இருக்கிற பொருளுக்கும் சம்பந்தம் இருக்காது. பிறந்ததிலிருந்து இதைப் பார்த்து வளர்ந்த நான், அன்றைக்கு ஒரு நாள் மூட்டையின் படத்தை நம்பினேன்.

ஓடிப்போய் வீடியோவை எல்லோருக்கும் நீக்கினேன். அதற்குள் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. குழுவில் என்னைத் தவிர இருபத்திரண்டு பேர். ‘தப்பாகச் சொல்லிவிட்டேன், அது ரேஷன் அரிசி’ என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுத உட்கார்ந்தேன். டேஞ்சர் அக்காவின் லட்சணத்தைப் பாருங்கள் என்று வருஷம் முழுக்கச் சிரிப்பார்களே என்று நினைத்தேன். எழுதவில்லை. அவ்வளவு சின்னக் காரணம்தான். பெரிய காரணம் ஏதாவது இருந்திருந்தால் இன்றைக்கு என்னை நானே கொஞ்சமாவது மன்னித்திருப்பேனோ என்னவோ.

மூன்றாம் நாள் திருப்புட்குழியில் வாழ்க்கைப்பட்ட என் நாத்தனார் எனக்கே அந்த வீடியோவை அனுப்பினாள். “அண்ணி, உங்க பஜாரு மாதிரி கீது. பாத்து வாங்குங்க” என்று எழுதியிருந்தாள். யாரோ அதற்குத் திகில் பாட்டு சேர்த்திருந்தார்கள். சோற்று உருண்டையைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டிருந்தார்கள். என் குரல் பாட்டுக்கு அடியில் அமுங்கிப்போய் யாரோ ஒருத்தியின் குரல் மாதிரி இருந்தது. ஆனால் பாய் கடை என்கிற இடம் மட்டும் தெளிவாகக் கேட்டது. அடுத்த வாரம் வந்ததில் கீழே எழுத்து ஓடியது. இவர்கள் கடையில் நம் ஆட்கள் யாரும் வாங்காதீர்கள் என்று அதில் இருந்தது. நான் சொல்லாத பேச்சு. என் வாயிலிருந்து வராத பேச்சு என் கையைத் தொட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போனது. போனைப் பரணில் தூக்கிப் போட்டுவிடலாமா என்று இருந்தது. ஆனால் மணிக்கு நாலு தரம் எடுத்துப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அதன் பிறகு ஒரு நாள் நூல்கண்டு வாங்க பஜாருக்குப் போனேன். பாய் கடை முன்னால் கூட்டம். கறுப்புக் கோட்டுப் போட்ட ஒருவர் காகிதத்தைப் பார்த்துப் படித்துக்கொண்டிருந்தார். கோர்ட்டே அனுப்பி வைத்த கமிஷனர் வக்கீல் என்றார்கள். கூட ஒரு போலீஸ்காரரும், தொட்டில் மார்க் மில்லின் ஆட்கள் இரண்டு பேரும். விஷயம் இதுதான். தங்கள் அரிசியில் எந்தக் கலப்படமும் கிடையாது என்று மில்காரர்களுக்குத் தெரியும். அதனால், இந்தக் கடைக்காரர்தான் மட்டமான அரிசியை எங்கள் பெயர் போட்ட மூட்டையில் நிரப்பி விற்கிறார், எங்கள் டிரேட்மார்க்கைத் திருடுகிறார் என்று கேஸ் போட்டிருந்தார்கள்.

குடோனுக்குள்ளிருந்து காலிச் சாக்குகளை எடுத்து வந்து வெளியே போட்டார்கள். எல்லாவற்றிலும் தொட்டில் படம். மில் ஆள் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டே கேட்டான்.

“இது இன்னா பாய்? இவ்ளோ காலிச் சாக்கு எதுக்கு?”

“சில்லறை விக்கறேன் சார். மூட்டையப் பிரிச்சா சாக்கு மிஞ்சாதா? ஊர்க்காரங்க நெல்லு கொட்டக் கேப்பாங்க, குடுப்பேன். என் மாமனார் காலத்துலேர்ந்து நடக்கற விஷயம்.”

“நல்லா கதை வுடறியே.”

பாய் வியர்த்துப் போய் நின்றார். கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். அவருடைய கண் என்மேல் வந்து நின்றது. முகம் கொஞ்சம் தெளிந்தது.

“தோ, இந்தம்மா நம்ம கஸ்டமரு. யம்மா, நீயே சொல்லும்மா. நீ எங்கிட்ட காலிச் சாக்கு வாங்கிக்கினு போயிருக்கியா இல்லியா? நான் என்னிக்காவது அதுல வேற அரிசி ரொப்பிக் குடுத்திருக்கேனா? சொல்லும்மா.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கமிஷனர் வக்கீலும் பேனாவை எடுத்துக்கொண்டு பார்த்தார். என் குரல் வெளியே வந்தால் அது வீடியோவில் கேட்ட குரல் என்று கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தோன்றியது.

“எனக்கு பஸ் வந்துடும் பாய்” என்றேன். அதையும் முணுமுணுப்பாகத்தான் சொன்னேன். நகர்ந்து வந்துவிட்டேன். பின்னால் யாரோ, “ஒன் கஸ்டமரே பயந்து ஓடுது பாய்” என்று சொன்னதும், நாலு பேர் சிரித்ததும் கேட்டது. அன்றைக்கு எனக்கு பஸ் எதுவும் இல்லை. நடந்துதான் வீட்டுக்குப் போனேன்.

குடோனுக்கு சீல் வைத்துவிட்டார்கள்.

அந்த வாரம் குழுக் கூட்டத்தில் நானே பேச்சை எடுத்தேன். எங்கள் குழுத் தலைவிக்கு அண்ணன் ஒருவர் வக்கீல் குமாஸ்தா. அவர் வழியாக அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

“கேஸ்ல பாய் ஒண்ணாம் எதிரி. வீடியோ எடுத்தது ரெண்டாம் எதிரி. அது யாருன்னு தெரியலியாம். தெரியலேன்னா கோர்ட்ல ஒரு ஆம்பளப் பேர் போட்டுடுவாங்களாம். சும்மா ஒரு பேரு. யாருக்கு வேணா இருக்கற பேரு” என்று அந்தப் பெயரைச் சொன்னாள்.

“அய்யய்யோ, அது நம்ம தெரு எலக்ட்ரிசியன் பேராச்சே” என்றேன் நான்.

கூட்டம் முழுக்கச் சிரித்தது. “அவன் போன் எடுத்தா மச்சினிச்சிகிட்ட பேசவே நேரம் பத்தல. அவன் எங்க வீடியோ எடுக்கறான்” என்றாள் ஒருத்தி.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. “நான் போயி சொல்லிடட்டுமா?” என்று கேட்டேன்.

தலைவி முகம் மாறியது. “நீ வாய வெச்சிக்கினு சும்மா கெட. நீ போயி சொன்னா, அனுப்பினவங்க யார் யாருன்னு கேப்பான். நாங்க எல்லாருந்தான் அனுப்பியிருக்கோம். குழுவுக்கே பேஜாராயிடும். பாய் கையில வசதி கீது, வக்கீல் வெச்சிப் பாத்துக்குவாரு. இந்தா, யாரும் வாயத் தொறக்கக்கூடாது, சொல்லிட்டேன்.”

யாரும் திறக்கவில்லை. இருபத்திரண்டு பேரும் எனக்காக வாயை மூடிக்கொண்டார்கள். அந்தக் கூட்டத்தை விட்டு வெளியே வரும்போது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் எழுதிவிட வேண்டும். வீட்டுக்கு வந்து பாயசம்கூட வைத்தேன். அந்தப் பாயசத்தை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

நிம்மதி பத்து நாள் தாங்கியிருக்கும். மறுபடி பஜாருக்குப் போனபோது, பாய் தன் கடை வாசலில் ஒரு கேஸ் அடுப்பை வைத்து, குண்டானில் சோறு வடித்துக்கொண்டிருந்தார். தொட்டில் மார்க் மூட்டைகள் சீல் வைத்த குடோனுக்குள் கிடந்தன. கடையில் மீதியிருந்த வேறு அரிசியில்தான் வடித்தார். பக்கத்தில் தையல் இலைக் கட்டு, ஒரு சட்டி சாம்பார். போகிறவர் வருகிறவரையெல்லாம் கூப்பிட்டார். “வாங்க, சாப்டுப் பாருங்க. என் கடை அரிசி. நானும் சாப்டறேன், பாருங்க.” ஒரு இலையில் தானே சோற்றைப் போட்டுக்கொண்டு, தெருவைப் பார்த்து உட்கார்ந்து, ஒரு வாய் ஒரு வாயாகத் தின்று காட்டினார். மணி பதினொன்று. அது சாப்பிடுகிற நேரமே இல்லை. நின்று பார்த்தார்களே தவிர யாரும் இலை வாங்கவில்லை. எதிரே டீக்கடையிலிருந்து ஒருவர், “பாய், பந்து எப்போ வுடுவீங்க?” என்று கேட்டார். இன்னொருவர் போனைத் தூக்கி அதையும் வீடியோ எடுத்தார்.

என் கால் அங்கேயே நின்றுவிட்டது. போய்விடு போய்விடு என்று ஒரு பக்கம் மனது அடித்துக்கொண்டது. எப்படிப் போனேன் என்று தெரியவில்லை, பாய் முன்னால் போய், “எனக்கு ஒரு இலை போடுங்க பாய்” என்றேன்.

அவருக்கு என்னைப் பார்த்ததும் முதலில் கோபம்தான் வந்திருக்கும். ஆனால் இலையைப் போட்டார். சோற்றையும் சாம்பாரையும் நிறைய வைத்தார். படியில் உட்கார்ந்து ஒரு வாய் வைத்தேன்.

“பாய், அது நான்தான்.”

“எது?”

“வீடியோ. அது என் கை. என் குரல்.”

கரண்டி சோற்றுக்குள்ளேயே நின்றது. அவர் என்னைப் பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்தார். கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது.

“சாப்டு முடி” என்றார் மெதுவாக. “எழுந்தா, பாதில எழுந்துட்டாங்கன்னு சொல்லுவானுங்க. இலையைக் காலி பண்ணிட்டு உள்ள வா.”

அத்தனை சோற்றையும் தின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நேரம் எடுத்துத் தின்ற சாப்பாடு வேறு இல்லை.

உள்ளே போய் எல்லாவற்றையும் சொன்னேன். மாகறல் போனது, எலி கடித்த பை, ரேஷன் அரிசி, அன்று சாயங்காலமே எனக்கு உண்மை தெரிந்துவிட்டது வரைக்கும். அவர் பருப்பு மூட்டை மேல் உட்கார்ந்து கேட்டார். முடித்ததும், “அன்னிக்கே தெரியுமா?” என்று கேட்டார்.

“தெரியும் பாய்.”

“குடோன்ல சாக்க எடுத்துப் போட்டாங்களே, அன்னிக்கு நீ என் எதுருல நின்னியே. அப்பவும் தெரியும்.”

“தெரியும்.”

“நான் உன் பேச்சத்தானம்மா கேட்டேன். அத்தினி பேர்ல உன்னத்தான கூப்ட்டேன்.” குரல் உடைந்துவிட்டது. பிறகு அது கோபமாக மாறியது. “என் பொண்ண காலேஜுக்கு அனுப்பறதில்லம்மா. ஏனாத்தூர்ல படிக்கிது. பஸ்ஸுல கூடப் படிக்கறதுங்க, இவங்க வூட்டு அரிசி தானான்னு கேக்குதுங்களாம். மில்லுக்காரன் கேஸ் போட்டான், அத வக்கீல் பாத்துக்குவான். இத யாரு பாப்பா? நீ பாப்பியா?”

நான் அழுதேன். “அழாத. நான் அழலை இல்ல?” என்றார். அதற்குப் பிறகு அழுவதற்கும் எனக்கு உரிமை இல்லாமல் போயிற்று.

அவருடைய வக்கீலிடம் போனோம். வக்கீல் நான் சொன்னதை டைப் அடிக்க வைத்து, தமிழில் இரண்டு தரம் படித்துக் காட்டினார். “இதுல கையெழுத்துப் போட்டா உன் பேருக்குக் கேஸ் வரும்மா. மில்லுக்காரன் உன்ன சும்மா வுடமாட்டான். யோசிச்சிக்கோ” என்றார். யோசித்தால் போட மாட்டேன் என்று எனக்குத் தெரியும். யோசிக்காமல் போட்டேன். வீட்டுக்காரர் விஷயம் கேள்விப்பட்டு அன்று முழுக்கக் கத்தினார். மறுநாள் வண்டிக்குப் போகாமல் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். “கொட்டினவன் நான். சொல்ல மறந்தவனும் நான். எங்க கையெழுத்துன்னு காட்டு, போட்டுத் தொலைக்கிறேன்” என்றார். ரேஷன் கடையில் அந்த மாதம் வாங்கியதற்கு வந்த மெசேஜ் அவர் போனில் இருந்தது. அதுவும் கோர்ட்டுக்குப் போனது.

காஞ்சிபுரம் கோர்ட்டில் என் வீடியோவை ஒரு லேப்டாப்பில் போட்டார்கள். பாட்டு சேர்க்காத பழைய வீடியோ. நான் கையெழுத்துப் போட்டது தெரிந்த பிறகு, எங்கள் குழுவில் ஒருத்தி நீக்காமல் வைத்திருந்ததைத் தலைவியே வாங்கிக் கொடுத்தாள். என் குரல் எவ்வளவு நிச்சயமாகப் பேசுகிறது என்று அன்றைக்குத்தான் கேட்டேன். வீட்டில், கடையில், எங்கேயும் நான் அப்படிப் பேசியதே கிடையாது. எப்போதும் ‘இருக்குமோ என்னவோ’ என்றுதான் பேசுவேன். தெரியாத ஒன்றைப் பற்றிப் பேசும்போது மட்டும் எனக்கு அந்தக் குரல் எங்கிருந்து வந்ததோ.

“இது உங்க குரலா?” என்று ஜட்ஜம்மா கேட்டார்.

“ஆமாங்க.”

“இதுல சொன்னது உண்மையா?”

“இல்லைங்க.”

இரண்டே பதில். அதற்கு எனக்கு அவ்வளவு நாள் பிடித்தது.

குடோன் சீலை எடுத்தார்கள். காலிச் சாக்கை இனி வெளியே கொடுத்தால் தொட்டில் படத்தின்மேல் கறுப்புப் பெயிண்ட் அடித்துத்தான் கொடுக்க வேண்டும் என்று பாயிடம் எழுதி வாங்கினார்கள். என்னிடம் மில்காரர்கள், மறுப்பு வீடியோ போட்டால் சமாதானமாகப் போகிறோம் என்றார்கள். அவர்களுடைய வக்கீலே பேச வேண்டியதை எழுதிக் கொடுத்தார். தொட்டில் மார்க் அரிசி சுத்தமானது, நான் தெரியாமல் தவறான தகவல் பரப்பினேன், மன்னிப்புக் கேட்கிறேன். நாலு வரி. அதில் பாயைப் பற்றி ஒன்றுமே இல்லை.

“சார், பாய் கடையப் பத்தியும் சொல்லணும். அவரு மேல தப்பு இல்லன்னு.”

“அது எங்க கேஸ் இல்லம்மா. எங்களுக்கு எங்க மார்க்தான் முக்கியம். எழுதினத மட்டும் படிங்க.”

“ஒரே ஒரு வரி சார்.”

“அந்த ஆளப் பத்திப் பேசணும்னா நீங்க தனியா போட்டுக்குங்க.”

அவர்கள் எழுதியதைப் படித்தேன். முகம் தெரிய எடுத்தார்கள். அதை எத்தனை பேர் பார்த்தார்களோ தெரியாது. எங்கள் குழுவைத் தவிர வேறு எங்கிருந்தும் அது எனக்குத் திரும்பி வரவே இல்லை. திருப்புட்குழி நாத்தனாருக்கு நானே அனுப்பினேன். “அண்ணி, பொடவ நல்லா கீது” என்று பதில் எழுதினாள்.

பிறகு நானே தனியாக ஒன்று எடுத்தேன். மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பெண்ணைப் பிடிக்கச் சொல்லி, ஆறு தரம் தப்பி ஏழாவது தரம் சரியாகப் பேசினேன். உத்திரமேரூர் பஜார் பாய் கடையில் எந்தத் தப்பும் நடக்கவில்லை, ரேஷன் அரிசியைப் பார்த்துப் பயந்து நான்தான் தப்பாகச் சொன்னேன், அவருடைய மதத்தைச் சொல்லித் திட்டியவர்கள் எல்லோரும் என்னைத்தான் திட்ட வேண்டும். அனுப்புவதற்கு முன்னால் அவரிடம் காட்டலாம் என்று கடைக்குப் போனேன். இதையாவது அவரைக் கேட்டுச் செய்வோம் என்று நினைத்தேன்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுசாகப் பார்த்தார். மறுபடி ஒரு தரம் பார்த்தார்.

“நல்லாத்தான் பேசற” என்றார். “அனுப்பாதம்மா.”

“ஏன் பாய்?”

“இப்பதான் நாலு பேரு மறந்துட்டு உள்ள வரான். நீ திரும்பவும் பாய் கடை, பிளாஸ்டிக்குன்னு சொன்னேன்னு வை, மீதிய எவன் கேப்பான்? முன்னாடிய வெட்டிப் பாட்டு போட்டு வுடுவான். மறந்தவனுக்கும் ஞாபகம் வரும். வேணாம். வெச்சிக்கோ.”

“நான் வேற இன்னாதான் பாய் பண்றது?” என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒரு பொம்பளை வந்து துவரம்பருப்பு கேட்டாள், அவளுக்கு நிறுத்துக் கொடுத்தார். அவள் போன பிறகு சொன்னார்.

“வழக்கமா வாங்கற அரிசிய வாங்கிக்கினு போ. சந்து பொந்துல வராத. ஞாயித்துக்கெழம காலைல வா, கடை நெறைய ஜனம் நிக்கும். முன்னாடி வந்து நின்னு கேளு.”

அதைத்தான் செய்து வருகிறேன். கூட்டத்தில் நின்று சத்தமாகக் கேட்பது என்றால் முந்தின நாளே மெஷின் முன்னால் உட்கார்ந்து சொல்லிப் பார்த்துக்கொள்வேன். யாராவது அடையாளம் கண்டுகொண்டு கேட்பார்களோ, பாயே மனசு மாறி ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று பஸ்ஸில் முழுக்க யோசித்துக்கொண்டே போவேன். அவர் ஒன்றும் சொல்வதில்லை. முன்பு மாதிரி வீட்டில் எல்லோரும் சவுக்கியமா என்றும் கேட்பதில்லை. அவருடைய பெண் மறுபடி காலேஜுக்குப் போகிறதா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு முன்னால் எட்டுப் பேர் நின்றார்கள். புதிதாக வந்த ஒருத்தி பக்கத்தில் நின்றவளிடம், “இந்தக் கடைதானே அது, அந்த அரிசி?” என்று காதோடு கேட்டாள். நான் எட்டுப் பேரையும் தாண்டி முன்னால் போனேன்.

“பாய், தொட்டில் மார்க்குல ஒரு மூட்ட குடுங்க” என்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன். “நான் எப்பவும் இங்கதான் வாங்கறது.”

பாய் தலையை நிமிர்த்தவில்லை. “வரிசைல வாம்மா” என்றார்.